எங்கள் அடுக்களைக்கு ஒரு பிளான்



சிவில் என்றவுடன் உங்கள் மனக்கண்ணில் என்ன தெரிகிறது? அணைக்கட்டு, மேம்பாலம், பத்து மாடிக் கட்டடம்... இவைதானே! பாலிடெக்னிக்கில் சேர்ந்த அன்று நம் எல்லோருக்கும் இருக்கும் கனவு அது. ஆனால் இந்த ஆண்டு மலரில் நான் எழுத வந்திருப்பது எண்பத்து நான்கு சதுர அடி இடத்தைப் பற்றி. ஆம், அடுக்களை! சென்னைக்காரர்கள் சமையலறை என்பார்கள். மதுரைப் பக்கம் அடுப்படி. எங்கள் தென்காசிப் பக்கம் அடுக்களை.

நம் டிராயிங் ஷீட்டில் அதற்குக் கிடைக்கும் மரியாதை உங்களுக்கே தெரியும். ஒரு செவ்வகம், ஒரு மூலையில் 'எல்' வடிவத்தில் இரண்டு கோடு, நடுவில் 'கிச்சன்' என்று ஒரு சொல். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். படிக்கட்டுக்கு ரைஸர் எத்தனை, டிரெட் எத்தனை என்று மண்டையை உடைத்துக்கொள்கிறோம். படிக்கட்டில் ஒரு மனிதர் ஒரு நாளில் எவ்வளவு நேரம் நிற்பார்? அடுக்களையில் எவ்வளவு நேரம் நிற்பார்? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்!

எங்கள் வீட்டில் அடுக்களையை மாற்றிக் கட்ட வேண்டும் என்ற பேச்சு பல வருடமாக உண்டு. சென்ற ஆண்டுதான் அதற்குப் பணம் சேர்ந்தது. அம்மாவின் பி.எஃப். பணத்தில் எடுத்தது கொஞ்சம், அம்மா கட்டிய சீட்டுப் பணம் கொஞ்சம், ஆக ரூ. 1,20,000. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மாநாடு கூடியது.

அப்பா ஒரு கடையில் விலை கேட்டு வந்திருந்தார். மாடுலர் கிச்சன், பளபளவென்று கதவு போட்ட அலமாரி, கூரை வரை டைல்ஸ். மொத்தம் ரூ. 2,60,000. "மீதிக்கு லோன் போடலாம். வாரவங்க பாத்து அசந்து போகணும்லா!" என்றார். பிளஸ் டூ படிக்கும் தம்பி, "ஒரு மைக்ரோவேவ் வைக்க இடம் விடுங்க" என்றான். ஆச்சி, "என்னவும் பண்ணுங்க. என் அம்மியையும் அருவாமணையையும் மட்டும் எடுத்துராதீய" என்றாள். அம்மா? "எனக்கென்ன, இருக்கது போதும். அப்பா சொல்லுதபடி செய்யுங்க" என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள். பணம் யாருடையதோ, அந்த வேலை யாருடையதோ, அவள் பேசியது அவ்வளவுதான்.

கடைசியில் அப்பா என் பக்கம் திரும்பினார். "ஏ பிள்ள, ரெண்டு வருசமா சிவில் படிக்க. நீதான் ஒரு பிளானப் போடேன், பாப்போம்."

சவால் வந்துவிட்டதே! அளவு டேப்பை எடுத்தேன்.

வீடு எப்படிப்பட்டது?

எங்களுடையது தெருவோடு ஒட்டிய வரிசை வீடு. மேற்கு பார்த்த வாசல். பட்டாசல், அதற்குப் பின்னால் ஒரு அறை, கடைசியில் அடுக்களை, அப்புறம் புறவாசல். வடக்கும் தெற்கும் பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர். அதனால் அடுக்களைக்கு வெளிச்சமும் காற்றும் வரக்கூடிய சுவர் கிழக்குச் சுவர் ஒன்றுதான். அதில் ஒரு கதவும், கைக்கெட்டாத உயரத்தில் புத்தகம் அளவு ஒரு காற்றுத் துவாரமும் உண்டு. மேலே ஓட்டுக்கூரை. தெற்குச் சுவரில், கிழக்கு மூலைக்குப் பக்கத்தில், விறகடுப்புக் காலத்துப் புகைக்கூண்டு. அதன் கீழே பழைய அடுப்புத் திட்டு. கேஸ் அடுப்போ வடக்குச் சுவரோரம் ஒரு மர மேசையில். பாத்திரம் கழுவ அங்கணக்குழி. மிக்ஸிக்கு பிளக் பட்டாசலில்!

நீளம் பத்தரை அடி, அகலம் 8 அடி. மீட்டரில் மாற்றினால் 7.8 சதுர மீட்டர். தேசியக் கட்டட விதித்தொகுப்பு என்ன சொல்கிறது? சாப்பிடத் தனி இடம் இருந்தால் சமையலறை குறைந்தது 5 சதுர மீட்டர், அகலம் 1.8 மீட்டர். சமையலறையிலேயே சாப்பிடுவதானால் 7.5 சதுர மீட்டர், அகலம் 2.1 மீட்டர். நாங்கள் அங்கேதான் சாப்பிடுகிறோம். ஆக, இடம் மயிரிழையில் பாஸ்! சுவரைத் தள்ள வேண்டியதில்லை. உள்ளே இருப்பதைத்தான் சரியாக அடுக்க வேண்டும்.

இன்னொரு முக்கியமான விஷயம். எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் நடப்பதுதான். அம்மா பீடி சுற்றுகிறாள். கடையில் இலையும் தூளும் வாங்கி வந்து, இலையை நனைத்து, தகட்டு அளவுக்கு வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, 25 பீடி ஒரு கட்டு. ஒரு நாளைக்கு எண்ணூறு சுற்றுவாள். எங்கே உட்கார்ந்து? அடுக்களை வாசலில்! ஏனென்றால் உலை கொதிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், கொஞ்சம் வெளிச்சமும் வேண்டும். மடியில் சொளவு, சொளவில் புகையிலைத் தூள், மூன்றடி தள்ளி சோற்றுப் பானை. மிளகாய் வதக்கும் நெடியும் புகையிலைத் தூளும் ஒரே அறையில். அம்மாவுக்கு இருமல் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் சொன்னது ஒரே வரி: "தூளையும் புகையையும் குறைச்சுக்கோங்கம்மா." சுற்றுவதை நிறுத்த முடியுமா? அதில்தானே என் டிப்ளமோ ஃபீஸும் போகிறது!

எனவே நண்பர்களே, என் பிளானுக்கு முதல் நிபந்தனை டைல்ஸ் நிறம் அல்ல. சோறும் தூளும் பிரிய வேண்டும். அதே சமயம், சுற்றும் இடத்திலிருந்து அடுப்பு தெரிய வேண்டும்.

எண்ணிப் பார்த்தோம்

மெக்கானிக்கல் நண்பர்கள் 'ஒர்க் ஸ்டடி' பாடத்தில் 'தெர்ப்ளிக்' என்று ஒரு சொல் படித்திருப்பீர்கள். கை செய்யும் ஒவ்வொரு சின்ன அசைவுக்கும் அந்தப் பெயர். கில்பிரெத் என்ற பெயரைத் திருப்பிப் போட்டால் வருவது அது. ஃபிராங்க் கில்பிரெத், அவர் மனைவி லில்லியன் கில்பிரெத் (1878-1972) இருவரும் அமெரிக்காவில் தொழிற்சாலை வேலையை இப்படி அசைவு அசைவாக அளந்தவர்கள். 1924-ல் கணவர் இறந்த பிறகு லில்லியன் அம்மையார் அதே கணக்கை அடுக்களைக்கும் கொண்டுபோனார். பன்னிரண்டு பிள்ளை பெற்றவர். அவருக்குத் தெரியாதா அடுக்களை!

நானும் தம்பியும் ஒரு நோட்டோடு உட்கார்ந்தோம். காலை ஐந்தரை முதல் எட்டு வரை. தண்ணீர்க் குடத்துக்கும் அடுப்புக்கும் நடுவே அம்மா போய் வந்தது 41 தடவை. அடுப்புக்கும் அங்கணத்துக்கும் 29 தடவை. மிக்ஸிக்காகப் பட்டாசலுக்கு 6 தடவை. குனிந்து நிமிர்ந்தது 57 தடவை. "என்னல, சினிமா பாக்க மாதிரி உக்காந்திருக்கிய?" என்று அம்மா கேட்டாள். தம்பி எண்ணிக்கை தவறிவிடும் என்று பதிலே சொல்லவில்லை. எட்டு மணிக்கு நோட்டைப் பார்த்துவிட்டு, அவனே எழுந்து போய்ச் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தான். இதையும் பதிவு செய்கிறேன்!

அளவு எடுத்தாயிற்று. ஆனால் அம்மாவுக்கு என்ன வேண்டும் என்பது நோட்டில் இல்லையே! கேட்டால், "போட்டி, எனக்கென்ன" என்பாள். மூன்று நாள் விடாமல் கேட்டேன். மூன்றாம் நாள் ராத்திரி, கட்டுக் கட்டிக்கொண்டே தலை நிமிராமல் சொன்னாள்:

"ஒரு ஜன்னல் வையி. வெளிச்சத்துக்கு மட்டுமில்ல. பாத்திரம் வெளக்கையில கொஞ்ச நேரம் வெளிய பாக்கலாம்லா. செவுத்தையே எத்தன வருசம் பாக்க?"

எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஸ்பெசிஃபிகேஷன் இது. நோட்டில் முதல் வரியாக எழுதிக்கொண்டேன்.

ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரு பெண்

நூலகத்திலும் நெட்டிலும் தேடியபோது ஒருவர் அறிமுகமானார். மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி. ஆஸ்திரியாவின் முதல் பெண் கட்டடக் கலைஞர்களில் ஒருவர். 1897-ல் பிறந்து 2000 வரை வாழ்ந்தவர். 1926-ல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் சாதாரண மக்களுக்குக் கட்டிய குடியிருப்புகளுக்காக ஒரு அடுக்களையை வடிவமைத்தார். 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். அவ்வளவுதான்! கை நீட்டும் தூரத்தில் எல்லாம் இருக்கும். சுமார் பத்தாயிரம் வீடுகளில் அதைப் பொருத்தினார்கள். இன்று கடைகளில் நாம் பார்க்கும் மாடுலர் கிச்சனுக்கு அதுதான் பாட்டி. இட்லருக்கு எதிராக வேலை செய்ததற்காக 1941-ல் கைதாகி, 1945-ல் போர் முடியும் வரை சிறையில் இருந்தவரும் இவரே. அடுக்களையைப் பற்றி யோசித்தவர் நாட்டைப் பற்றி யோசிக்க மாட்டார் என்று யார் சொன்னது?

ஆனால் அந்த அடுக்களைக்குப் பின்னாளில் ஒரு குறையும் சொன்னார்கள். ஒருவர் மட்டுமே நின்று வேலை செய்யலாம். இன்னொருவர் உதவிக்கு வந்தால் இடிக்கும். நடை குறைந்தது, ஆனால் வேலை முழுக்க ஒருத்தி தலையிலேயே நின்றுவிட்டது. இதைப் படித்ததும் என் இரண்டாவது நிபந்தனை பிறந்தது: இரண்டு பேர் முதுகு இடிக்காமல் நிற்க வேண்டும். "உதவி பண்ண இடமில்லையே" என்று எங்கள் வீட்டு ஆண்கள் யாரும் சொல்லிவிடக் கூடாது பாருங்கள்!

உயரம் யாருடையது?

மேடை உயரம் எவ்வளவு வைக்க? கொத்தனார் அண்ணாச்சியைக் கேட்டேன். "ரெண்டே முக்கா அடி பாப்பா. இருபத்தஞ்சு வருசமா அதான் கட்டுதேன்" என்றார். 33 அங்குலம். வெளிநாட்டுப் புத்தகங்களில் 36 அங்குலம். இரண்டுமே எங்கள் அம்மாவை நேரில் பார்த்துச் சொன்ன அளவு அல்ல.

கணக்கு எளிது. செருப்பில்லாமல் நேராக நிற்கச் சொல்லி, முழங்கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரை அளக்க வேண்டும். அதில் 4 முதல் 6 அங்குலம் கழித்தால் காய் நறுக்கும் மேடை உயரம். அம்மா 4 அடி 11 அங்குலம். முழங்கை 37 அங்குலத்தில். ஐந்து கழித்தால் 32. சரி, அடுப்பு? கேஸ் அடுப்பே ஒரு நாலைந்து அங்குலம் உயரம், அதன்மேல் குக்கர், அதற்குள் கரண்டி விட்டுக் கிண்ட வேண்டும். எல்லாவற்றையும் 32 மேல் ஏற்றினால் அம்மா தோளைத் தூக்கிக்கொண்டே நிற்க வேண்டும். அதனால் அடுப்பு நிற்கும் மூன்றடி நீளத்தை மட்டும் 28 அங்குலத்துக்கு இறக்கினேன்.

அண்ணாச்சி ஒப்புக்கொள்ளவில்லை. "மேடையில படி விட்டா பாக்க நல்லாருக்காதே. ஆளுக்கு ஆளு அளவு மாத்தினா நான் எங்க போக?"

"அண்ணாச்சி, டெய்லர் எல்லாருக்கும் ஒரே சைஸ்லயா சட்டை தைக்காரு?"

சிரித்துவிட்டார். ஆனால் அவர் கேட்ட அடுத்த கேள்வி நியாயமானது. "நாளைக்கு ஒந்தம்பி நின்னு சமைச்சா? அவன் அஞ்சே முக்கா அடில்லா இருக்கான்!" உண்மைதான். அவன் முழங்கைக்கு 38 அங்குலம் வேண்டும். அதற்கும் வழி உண்டு. காய் நறுக்க ஆறு அங்குல உயரத்தில் கால் வைத்த ஒரு மணைப்பலகை செய்து மேடைமேல் வைத்தால் அவனுக்குச் சரியாகிவிடும். தாழ்ந்த மேடையை உயர்த்தப் பலகை போதும். உயர்ந்த மேடையைத் தாழ்த்தக் கடப்பாரைதான் வேண்டும். அதனால் சந்தேகம் வந்தால் குட்டையானவர் பக்கமே நிற்க வேண்டும் என்பது என் கட்சி.

பிளான் உருவான கதை

புகைக்கூண்டை இடித்துவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் மட்டும் விடவில்லை. சூடான காற்று லேசாகி மேலே ஏறும் என்று பிசிக்ஸில் படித்தோமே! கீழே அடுப்பு, மேலே திறந்த கூண்டு. கரண்ட் செலவில்லாமல் தாளிப்பு நெடியை இழுத்துக்கொண்டு போகும். கரியைச் சுரண்டி, உச்சியில் மழை இறங்காமல் மூடி வைத்து, பறவை நுழையாமல் வலை அடித்தால் போதும். எனவே அடுப்பு பழைய இடத்துக்கே, கூண்டுக்கு அடியிலேயே போகிறது. தற்செயலாக அது தென்கிழக்கு மூலைக்கும் பக்கம். வாஸ்து பார்க்கும் பெரியப்பா வாயே திறக்கவில்லை!

கிழக்குச் சுவரில் சிங்க். அதற்கு மேலே அம்மா கேட்ட ஜன்னல், மூன்றடி அகலம், மூன்றரை அடி உயரம். நின்றால் முருங்கை மரமும் பக்கத்து வீட்டுக் கிணறும் வானமும் தெரியும். ஒன்பது அங்குலச் சுவரில் புதிதாக ஜன்னல் உடைப்பது விளையாட்டல்ல. மேலே நாலடி நீள லிண்டல், இரு பக்கமும் அரையடி சுவரில் உட்கார வேண்டும். சுவருக்கு முட்டுக்கொடுத்து, லிண்டலை ஏற்றி, பூச்சு இறுகிய பிறகுதான் கீழே உடைக்க வேண்டும். அடுப்பை ஜன்னலுக்கு நேரே வைக்காததற்கும் காரணம் உண்டு. காற்று அடித்தால் தீ அணையும், கேஸ் கசியும்.

ஃபிரிட்ஜ் மேற்கு ஓரத்தில். சிங்க், அடுப்பு, ஃபிரிட்ஜ் மூன்றையும் கோட்டால் இணைத்தால் வருவது 'வேலை முக்கோணம்'. 1940-களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த விதி அது. ஒவ்வொரு பக்கமும் 4 முதல் 9 அடி, மூன்றும் சேர்ந்து 13 முதல் 26 அடி. என் பிளானில் 4, 5, எட்டரை. கூட்டினால் பதினேழரை அடி. தேர்வில் பாஸ்! ஆனால் அந்த முக்கோணத்தில் அம்மியும் கிடையாது, ஆச்சியும் கிடையாது. நம் வீட்டுக்கு அது போதாது.

ஆச்சிக்கு நின்று வேலை செய்ய முடியாது. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முழங்கால் விடாது. அதனால் வடக்குச் சுவரோரம் 16 அங்குல உயரத்தில் மூன்றரை அடி நீளத் திண்ணை. அதில் உட்கார்ந்து அருவாமணையை வைத்துக் காய் அரியலாம், கீரை ஆயலாம். அம்மி அதன் பக்கத்தில். திண்ணை ஒன்றரை அடி, எதிரே மேடை இரண்டடி போக நடுவில் நாலரை அடி. இரண்டு பேர் தாராளமாகத் திரும்பலாம். ராத்திரி நால்வரும் உட்கார்ந்து சாப்பிடவும் இடம் உண்டு.

இனி அம்மாவின் சொளவு. புறவாசலில் கதவை ஒட்டி ஐந்தடிக்கு நாலடி ஒரு தகரச் சாய்ப்பு. அங்கே உட்கார்ந்தால் அடுப்பு தெரியுமா? பீடி நூலையே எடுத்தேன். உட்கார்ந்தால் கண் வரும் இடத்தில் ஒரு முனை, அடுப்பு வரும் இடத்தில் மறுமுனை. நூல் கதவு நிலையில் படாமல் நேராக நின்றது! காற்றுக் கணக்கும் பார்த்தேன். ஆனி, ஆடியில் எங்கள் ஊரில் குற்றாலச் சீசன் காற்று மேற்கிலிருந்து வீசும். வாசல் வழியாக நுழைந்து புறவாசல் வழியாகப் போகும். தூள் வீட்டுக்குள் வராது, வெளியேதான் போகும். ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கே இருந்து சாரல் அடிக்கும். அதற்குச் சாய்ப்பு. காலை வெயில் வெளிச்சம், மதியத்துக்கு மேல் வீட்டு நிழல். சாய்ப்பு ஓரமே ஒரு குழாய். பீடிக் கையைக் கழுவிவிட்டுத்தான் அரிசியைத் தொட வேண்டும்.

கேஸ் சிலிண்டரை மறக்கலாமா? வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டரில் இருக்கும் வாயு காற்றைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனம். கசிந்தால் மேலே போகாது, தரையில் தண்ணீர் மாதிரி பரவும். ஜன்னல் எவ்வளவு பெரிதாக இருந்தும் அதற்குப் பயன் குறைவு. எனவே கிழக்குச் சுவரில் தரையை ஒட்டி ஒன்பது அங்குலத்தில் ஒரு வலைத் துவாரம். சிலிண்டர் நேராக நிற்க வேண்டும், பள்ளத்தில் வைக்கக் கூடாது, டியூப் அடுப்புக்குப் பின்னால் சூட்டில் போகக் கூடாது.

மிக்ஸிக்கு மேடையிலேயே பிளக். கிரைண்டருக்கு 16 ஆம்பியர். இரண்டும் சிங்கிலிருந்து தள்ளி. ஈரக் கையோடு தொடும் இடம் என்பதால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். எலெக்ட்ரிகல் நண்பர்கள் இதற்குக் கை தட்டலாம்!

மேடைக்குக் கருப்பு கிரானைட். கடப்பாக் கல் மலிவுதான். ஆனால் அது சுண்ணாம்புக் கல் இனம். புளியும் எலுமிச்சையும் பட்டால் அரிக்கும். எனவே கடப்பாவை மேடைக்குக் கீழே தட்டாகவும் தாங்கு பலகையாகவும் மட்டும் போட்டேன். கதவு இப்போது வேண்டாம். பணம் வரும்போது மாட்டிக்கொள்ளலாம். தினமும் கழுவிவிடும் தரையில் பிளைவுட் அலமாரியை நிறுத்தினால் ஊறிப்போகும், கரையான் வேறு.

கோலப்பொடி பிளான்

ஷீட்டில் வரைந்து அம்மாவிடம் காட்டினேன். "நல்லாருக்கு" என்றாள். பிளானைப் பார்த்து நல்லாருக்கு என்று சொல்லாத அம்மா உண்டா? அதைப் பார்த்து அவளால் நடந்து பார்க்க முடியாதே! அதனால் புறவாசலில் கோலப்பொடியால் முழு அளவில் வரைந்தேன். ஸ்கேல் ஒன்றுக்கு ஒன்று! மேடை இருக்கும் இடத்தில் பெஞ்சு, சிங்குக்கு ஒரு சட்டி, ஃபிரிட்ஜுக்கு அட்டைப்பெட்டி, வாசலுக்கு இரண்டு செங்கல். "எம்மா, இங்க நின்னு சோறாக்குத மாதிரி நட" என்றேன்.

முதலில் வெட்கப்பட்டாள். அப்புறம் உண்மையிலேயே நடந்தாள். இல்லாத குழாயைத் திறந்தாள், இல்லாத உலையைக் கிளறினாள். திடீரென்று நின்றாள். "பின்கதவு உள்ளதான தொறக்கும்? நான் இங்க நின்னு வெளக்கையில யாராவது தள்ளுனா முதுகுல இடிக்கும். கீலை அந்தப் பக்கம் மாத்து. கதவு வடக்குச் செவுத்தோட ஒட்டி நிக்கட்டும்." ஒரு கோட்டை அழித்து இன்னொரு கோட்டை அவளே இழுத்தாள். "எண்ணெய்ச் சாமான் இங்க. அஞ்சறைப்பெட்டி அடுப்புக்கு வலப்பக்கம், எடப்பக்கமில்ல." ஐந்து நிமிடத்தில் ஏழு திருத்தம். 'எனக்கென்ன' என்றவள்தான்!

அப்பா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் எஸ்டிமேட்டை நீட்டினேன். இடிப்பு, செங்கல், சிமெண்ட், மணல் 17,000. கூலி 33,000. கிரானைட் 9,000. கடப்பா 6,000. டைல்ஸ் 13,000. ஜன்னல் 7,000. சிங்க், குழாய், பைப் 9,000. மின்வேலை 11,000. சாய்ப்பு 9,000. எதிர்பாராத செலவுக்கு 6,000. மொத்தம் ரூ. 1,20,000. கடன் இல்லை.

"எல்லாஞ் சரி. ஆனா பாக்க ஒண்ணும் இல்லியே. கதவு கெடயாது, டைல்ஸும் ரெண்டடிதான். நாலு பேரு வந்தா..." என்று அப்பா இழுத்தார்.

கோலப்பொடிக் கோட்டுக்குள் நின்றுகொண்டே அம்மா பேசினாள். சத்தம் போடவில்லை.

"நாலு பேரு வருசத்துக்கு நாலு நாள் வருவாவ. நான் தெனமும் நிக்கேன். இது பீடி சுத்துன காசு. எனக்கு இந்த ஜன்னல் வேணும்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. தம்பி அட்டைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்பா எஸ்டிமேட்டை மறுபடி வாசித்தார். பேனாவை வாங்கி, டைல்ஸ் வரியில் 2,000 குறைத்து ஜன்னல் வரியில் சேர்த்தார். "கம்பியக் கொஞ்சம் நல்லதாப் போடு. துருப்பிடிக்காததா" என்றார். அவ்வளவுதான். பிளான் பாஸானது.

தை பிறந்ததும் வேலை தொடங்குகிறது. பழைய மேடை இடிக்கும் நாள்களில் சமையல் எங்கே என்பதற்கும் ஏற்பாடு ஆகிவிட்டது. புறவாசலில் தற்காலிக அடுப்பு, சமையல் அப்பாவும் தம்பியும். மெனு: உப்புமா!

நண்பர்களே! நாளை நாம் சூப்பர்வைசராகவோ, சைட் எஞ்சினியராகவோ, சொந்தமாகக் கான்ட்ராக்ட் எடுப்பவராகவோ போவோம். விதித்தொகுப்பில் இருப்பது குறைந்தபட்ச அளவு. அதற்குக் கீழே போகக் கூடாது என்பதுதான் அதன் பொருள், அதுவே போதும் என்பதல்ல. மீதி அளவு அந்த வீட்டில் வேலை செய்கிறவர் உடம்பில் இருக்கிறது. அவர் பெரும்பாலும் வாய் திறந்து கேட்க மாட்டார். கான்ட்ராக்ட் பேச வரும்போது முன்னால் நிற்கவும் மாட்டார். நாம்தான் உள்ளே போய்க் கேட்க வேண்டும். கேட்டும் பதில் வராவிட்டால், கோலப்பொடியால் வரைந்து நடக்கச் சொல்ல வேண்டும்.

இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அளவு டேப்பையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். எந்தத் துறையாக இருந்தாலும் சரி. உங்கள் வீட்டு மேடை எத்தனை அங்குலம், அங்கே நிற்பவரின் முழங்கை எத்தனை அங்குலம், அவர் கண்ணுக்கு எதிரே இருப்பது ஜன்னலா, சுவரா? இந்த மூன்றையும் குறித்துக்கொண்டு வாருங்கள். இறங்கு வரிசையில் பஸ் ஏறுவதற்கு முன் ஒரு பத்து நிமிட வேலைதான். அடுத்த ஆண்டு மலரில் உங்கள் வீட்டுக் கணக்கை நான் படிக்க வேண்டும்!

- இரண்டாமாண்டு சிவில் மாணவி